சட்டை உரிக்கிற நேரத்தில் இரையைத் தொடாத பாம்பு: நீங்கள் பார்த்தது என்ன?

தாழம்பூ (லண்டன்)

எங்கள் வீட்டில் இருப்பது பால் பைத்தான் (ball python, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு வகை), ஆண். தோல் மங்க ஆரம்பித்ததுமே சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வயிறு சிவந்தது, கண் பால் பூத்தது, அப்புறம் கண் தெளிந்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கண் தெளிந்த பிறகு வைத்த எலியும் குப்பைக்குத்தான் போனது.

அதற்கப்புறம் ஒரு ராத்திரி. ஹால் விளக்கு மட்டும் எரிந்தது. வெதுவெதுப்பாக்கிய எலியை இடுக்கியில் பிடித்து, அது பதுங்கும் பெட்டி வாசலில் காட்டினேன். வெளியே வந்த தலையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. உதட்டோரம் சட்டை பிரிந்து, பாதி கழற்றிய காலுறை மாதிரி கண்ணுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. உள்ளே புதுத் தோல் ஈரமாக மின்னியது. அந்தக் கோலத்திலேயே கழுத்தை மடக்கி ஒரே பாய்ச்சல். எலியைச் சுற்றி முறுக்கிக்கொண்டது, ஆனால் விழுங்கவில்லை. வெகுநேரம் கழித்து எலியை அங்கேயே போட்டுவிட்டு மரப்பட்டைக்கு அடியில் நுழைந்து, வால் நுனி வரை சட்டையைக் கழற்றியது. கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, அதே எலியைத் தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்கியது.

இதை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா? பசியில் பாய்ந்ததா, எரிச்சலில் பாய்ந்ததா என்பதுதான் என் மண்டையைக் குடைகிறது.

கரிசல் (பர்மிங்காம்)

தாழம்பூ அக்கா, கண் வெளுத்திருக்கும்போது தொட்டிப் பக்கமே போகக்கூடாது. அந்த நேரத்தில் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் திரவம் ஊறியிருக்கும், பார்வை மங்கல். பயத்தில் கொத்தும், அதைப் பசி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டுப் பெண் பைத்தான் எப்போதும் சாது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போன என் தம்பியின் நிழல் பட்டதும் கண்ணாடியில் மூக்கு மோதும்படி பாய்ந்தது. அந்த 'டொக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எலியை எல்லாம் உரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான வளர்ந்த பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும்.

ஆர்கே (நியூ ஜெர்சி)

கரிசல், அவர் கண் தெளிந்த பிறகு வைத்ததாகத்தானே எழுதியிருக்கிறார்? முழுசாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது கார்ன் ஸ்நேக் (corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு). கண் நீலமாக இருக்கும்போதும் சாப்பிடும். ஒரு தடவை வயிறு புடைத்திருக்கும்போது உரித்தது. அந்த இடத்தில் மட்டும் தோல் வளையமாக நின்றுவிட்டது, ஈரத்துணிக்குள் ஊர்ந்து போக விட்ட பிறகுதான் வந்தது. அதிலிருந்து அந்த வாரத்தில் நானாக எதுவும் வைப்பதில்லை. ஆனால் எல்லாப் பாம்புக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள்.

தாழம்பூ கேட்டதற்கு என் யூகம்: பால் பைத்தானுக்கு வெப்பத்தை உணரும் குழிகள் மேலுதட்டில்தான் இருக்கின்றன. சட்டை முதலில் கழல்வதும் உதட்டில்தான். குழிகள் மேல் இருந்த பழைய தோல் விலகியதும் எலியின் சூடு பளிச்சென்று தெரிந்திருக்கும். பசி ஏற்கெனவே இருந்திருக்கிறது.

பழைய தொட்டி (டொரண்டோ)

தெரிந்தவர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது ஒரு பெண் பைத்தானை என்னிடம் விட்டுப் போனார். அதன் முதுகில் உயிருள்ள எலி கடித்த தழும்பு. ஒவ்வொரு தடவை உரிக்கும்போதும் சட்டை அந்தத் தழும்பில் வந்து கிழியும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். என் கதை இவ்வளவுதான்.

ஆனால் சிலவற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாப்பிடாத பாம்பை உசுப்ப உயிருள்ள எலியை உள்ளே விடவே விடாதீர்கள், அதுவும் கண் மங்கியிருக்கும் நேரத்தில். எலி கடித்தே கொன்றுவிடும். உறைய வைத்த எலியை முதல் நாள் ராத்திரி குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள், பிறகு பையில் கட்டிச் சுடுதண்ணீரில் போடுங்கள். எலியின் மேல்தோல் 37, 38 டிகிரிக்கு வந்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும். எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பைத் தாண்டக்கூடாது. தொட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 வாக்கில். ஈரப்பதம் சாதாரண நாளில் 60 சதவீதம், தோல் மங்கியதும் 70க்கு மேல் ஏற்றுங்கள். மூடியுள்ள டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப்பாசி நிரப்பி வைத்தால் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். சமையல் தராசில் எடையைக் குறித்து வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போங்கள், அதுவரை பதற வேண்டாம். இந்த நேரத்தில் சாப்பிட்டுக் கக்கிவிட்டால் இரண்டு வாரமாவது எதுவும் வைக்காதீர்கள். இன்னொன்று, ஆண் பைத்தான்கள் இனப்பெருக்கக் காலத்திலும் சாப்பாட்டை விடும். குளிர்காலத்தில் மறுத்தால் பழியை உடனே சட்டையின் மேல் போட வேண்டாம்.

கிண்டிவாசி (சென்னை)

நான் பாம்பு மீட்புக்குப் போகிறவன், வளர்ப்பவன் இல்லை. இங்கே நல்ல பாம்பு, சாரை என்று நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக் குளியலறையில், தண்ணீர் போகும் துளை ஓரத்தில் நல்ல பாம்பு சுருண்டு கிடந்தது. "கண்ணு தெரியாத பாம்பு சார், பாவம்" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. இரண்டு கண்ணும் சாம்பல் பூத்திருந்தது. உரிக்கப் போகிற பாம்பு ஈரம் தேடி வந்திருக்கிறது. டார்ச் அடித்ததும் படம் எடுத்து, ஆளை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சீறியது. கரிசல் சொன்ன பயத்தை நான் அங்கே நேரில் பார்த்தேன். அதனால் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

செம்மண் (மெல்போர்ன்)

என்னுடையது கார்ப்பெட் பைத்தான் (carpet python, இந்த ஊர் மலைப்பாம்பு வகை), உரிமம் வாங்கி வளர்ப்பது. எல்லோரும் உரிப்பதற்கு முந்தைய கதையைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு வினை உரித்த பிறகுதான் வந்தது. சட்டை துண்டு துண்டாகக் கழன்றது, எலியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழன்ற தலைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் மூடி போன்ற வட்டம் இருந்தது, வலது பக்கம் வெறும் ஓட்டை. வலது கண்ணை மூடியிருந்த பழைய தோல் வட்டம் கழலாமல் பாம்பின் மேலேயே தங்கிவிட்டது.

நகத்தால் எடுக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் விடவில்லை. அடியில் இருப்பது உயிருள்ள கண். மருத்துவர் ஈரப்பஞ்சை அந்தக் கண்ணில் நெடுநேரம் ஒற்றி ஒற்றி எடுத்து, பிறகு பஞ்சை ஒரு பக்கமாக மெல்ல உருட்டினார். மெல்லிய வட்டம் ஒன்று பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. வரவில்லையென்றால் அடுத்த உரிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான், இழுக்கவே மாட்டேன் என்றார். அடுத்து வைத்த எலியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது.

உரித்த சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன்னால் இரண்டு கண் வட்டமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொட்டி அண்ணன் இவ்வளவு சொன்னதில் இது மட்டும் விட்டுப்போயிருக்கிறது.