கன்றுக்குப் படர்தாமரை: மண்தரைக் கொட்டகையை எப்படிச் சுத்தம் செய்வது?

குறிஞ்சிப்பாடி பக்கம், 5 மாத ஜெர்சி கலப்புக் கன்று. கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் முடி கொட்டி, சாம்பல் நிறப் பொருக்கு. 7 வாரமாச்சு. பால் கறப்பவர் முன்கையிலும் அதே வட்டம்.

கன்றுக்குப் பொருக்கை ஊறவைத்து எடுத்து, தினம் போவிடோன் அயோடின், 3 வாரம். ஆறியது; ஆனால் பக்கத்துக் கன்றுக்கு வந்துவிட்டது. கறப்பவர் முதலில் போட்டது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கெடுத்ததே அதுதான்: அரிப்பு அடங்கி, விளிம்பு மங்கிப் பரவியது. இப்போது டாக்டர் சொன்ன லுலிகோனசோலில் (பூஞ்சையைக் கொல்லும் களிம்பு) குறைகிறது.

மிச்சம் கொட்டகைதான். கயிறுகளை எரித்தாச்சு, சிமென்ட் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவியாச்சு. சாணம் பட்ட இடத்தில் குளோரின் வீரியம் போய்விடும், வெடித்த பூவரசங்கட்டைக்குள் இறங்காது. உதிர்ந்த பொருக்கில் பூஞ்சை வித்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மண்தரையும் மரக்கட்டையும் உள்ள கொட்டகையில் எந்த மருந்தை, என்ன அளவில் அடித்தபின் உங்களுக்கு மறுபடி வராமல் நின்றது?