மார்ச் 8 கொண்டாட்டத்தால் என்ன பலன்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மகளிர் தினம்னா கோலப்போட்டி, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பாட்டோட சரி. வேலைக்குப் போற பெண்களுக்கு இதில் என்ன கிடைக்குது?

பதில் 1: ஒண்ணுமில்லை. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது 2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டத் திருத்தத்தால். கோலத்தால் இல்லை.

பதில் 2: அப்படித் தள்ளிடாதீங்க அண்ணே. கூட்டம் சேருதில்ல, அதை எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனைக்குப் பயன்படுத்துங்க. அரசாங்கக் கிளினிக்கில் முன்கூட்டியே பேசிடணும். 30 முதல் 65 வயசு. மாதிரியைப் பெண்களே மறைவா எடுத்துக்கலாம், மாதவிடாய் நாளில் மட்டும் வேண்டாம். சொதப்புறது பிறகுதான்: போன் நம்பர் மாறியிருக்கும், பாசிட்டிவ்னு வந்தாலும் தகவல் போய்ச் சேராது. படிவத்தில் இன்னொரு நம்பரும் எழுதி வாங்குங்க.

பதில் 3: வேலை நாளில் வைக்காதீங்க. நாள் சம்பளத்தை விட்டுட்டு யாரு வருவா?