துணைத்திட்டங்கள் பலவற்றின் வலைச் சோதனைகளும் அறிக்கைகளும்: டெல்டா உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

கும்பகோணம் உறுப்பினர்:

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்பிலேயே குறுவைக்கான விதையும் உரமும் இங்கே விலைபோகத் தொடங்கிவிடும் என்பதால், இடுபொருள் விற்பனைக்காக நாங்கள் பராமரிக்கும் இணையதளத்தை மே மாத இறுதிக்குள் சோதித்து முடித்தாக வேண்டும். உறுப்பினர் பதிவு, உர இருப்பு, கடைக்காரர் பக்கம் ஆகியவை கிரேடில் என்ற, நிரலைத் தொகுத்து (பில்டு செய்து) சோதனைகளை ஓட்டும் கருவியில் தனித்தனித் துணைத்திட்டங்கள். ஒவ்வொன்றிலும் உலாவியைத் தானாக இயக்கித் தளத்தைச் சோதிக்கும் செலினியம் சோதனைகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் பில்டு கோப்புறைக்குள் தன் அறிக்கையை எழுதிக்கொள்ளும். அத்தனையையும் திறந்து பார்ப்பது சிரமம் என்று, எங்களுக்கு முன் இருந்த குழுவினர் எல்லா எக்ஸ்எம்எல் முடிவுக் கோப்புகளையும் ஒரே கோப்புறைக்கு நகலெடுத்து ஓர் அறிக்கையாக்கும் நிரலை எழுதி வைத்திருந்தனர்.

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே போக முடியவில்லை என்று திருவிடைமருதூர்க் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன அன்று, அந்த அறிக்கை முழுவதும் பச்சையாக, அதாவது எல்லாச் சோதனைகளும் தேறியதாக, இருந்தது. முடிவுக் கோப்பின் பெயர் சோதனை வகுப்பின் பெயரைக் கொண்டே அமைகிறது. உறுப்பினர் பதிவிலும் கடைக்காரர் பக்கத்திலும் ஒரே பேக்கேஜில் (வகுப்புகளின் தொகுதியில்), ஒரே பெயரில் உள்நுழைவுச் சோதனை இருந்ததால், பின்னால் நகலான கோப்பு முன்னதன் மேல் எழுதப்பட்டுவிட்டது. கடைக்காரர் பக்கத்துச் சோதனை முறையாக ஓடித் தோற்று, தோல்வியைப் பதிவும் செய்திருந்தது; அது அறிக்கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கும் அதே கதி.

இப்போது தொகுப்புக் கோப்புறைக்குள் துணைத்திட்டத்தின் பெயரிலேயே உள்கோப்புறை உண்டு. இருக்க வேண்டிய துணைத்திட்டங்களின் பட்டியலையும் தனியே வைத்து, முடிவு வராததை 'ஓடவில்லை' என்று சிவப்பில் காட்டுகிறோம். என்னைக் கேட்டால் அறிக்கையில் மிக முக்கியமான வரி அதுதான். கிரேடில், கன்டினியூ என்ற தேர்வு கொடுக்கப்படாவிட்டால், ஒரு துணைத்திட்டத்தின் சோதனை தோற்றதும் மீதியை ஓட்டாமலேயே நின்றுவிடக்கூடும். ஓடாதது தொகுப்பில் இடம்பெறாமல் போனால், எல்லாம் நலம் என்றே படிப்பவர் எண்ணுவார். கிரேடில் 7.4 முதல் அறிக்கைகளைத் தொகுக்கும் செருகுநிரல் உடன் வருகிறது. புதிதாகத் தொடங்குவோர் சொந்த நிரல் எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

மயிலாடுதுறை உறுப்பினர்:

நாங்கள் கிரேடிலுக்குப் பதிலாக மேவன் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துகிறோம். நிரலின் சிறு பகுதிகளுக்கான யூனிட் சோதனைகளைச் ஷ்யூர்ஃபயர் என்ற செருகுநிரலும், உலாவிச் சோதனைகளை ஃபெயில்சேஃப் என்ற செருகுநிரலும் ஓட்டுகின்றன. சோதனை தோற்றாலும், தொடங்கி வைத்த சர்வரை ஒழுங்காக நிறுத்தும்வரை ஃபெயில்சேஃப் பில்டைத் தோல்வியாக்காது. பின்னால் வரும் வெரிஃபை கட்டத்தில்தான் கணக்குத் தீர்த்து, பில்டைத் தோல்வியாக்கும். இதை அறியாமல் முந்தைய கட்டத்தோடு நிறுத்தும் கட்டளையை, பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் எழுதியிருந்த ஒரு நிறுவனத்தில், தோல்விகள் கோப்பில் தேங்க, பில்டு மட்டும் வெற்றி என்றே வந்துகொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

கும்பகோணம் நண்பர் சொன்ன 'ஓடவில்லை' வரியோடு 'பழைய முடிவு' என்ற வரியும் வேண்டும். வெளியே இயங்கும் தளத்தை உலாவி வழியாகச் சோதிக்கும்போது, தளம் மாறியிருந்தாலும் சோதனை நிரல் மாறவில்லை என்றால், செய்ய வேலையில்லை என்று கிரேடில் அந்தப் பணியைத் தாண்டிச் சென்றுவிடும். கோப்புறையிலோ முந்தைய நாளின் பச்சை முடிவு அப்படியே கிடக்கும். ஆகவே உலாவிச் சோதனைகளை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டாயமாக ஓடும்படி அமைத்து, முடிவுக் கோப்பில் உள்ள நேரத்தையும் அறிக்கையில் அச்சிடுகிறோம்.

இன்னொன்று. ஜாவா நிரல்களுக்கான சோதனைக் கருவியான ஜேயூனிட் 5-இல் சோதனைக்குக் காட்சிப் பெயர் தரலாம் என்பதால், 'இருப்பு இல்லாத உரத்துக்கு ரசீது போடக் கூடாது' என்று தமிழிலேயே எழுதுகிறோம். எங்களுக்குப் பணி தந்துள்ள சங்கத்தின் செயலாளர் அறிக்கையைத் தாமே படித்து, எது தோற்றது என்று கேட்கிறார். மேவன் நண்பர்கள் கவனிக்க: எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தப் பெயர் வருவதற்குச் ஷ்யூர்ஃபயரில் தனி அமைப்பு தேவை.