ஜாய் டிவிஷன் பாட்டில் அந்த வெறுமை எங்கிருந்து வந்தது?

கேள்வி:
1978 மே மாதம் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழு பதிவு செய்து, வெளியிடாமல் விட்ட ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். வேகமும் ஆவேசமுமாக அப்பட்டமான பங்க் ராக். அடுத்த வருடமே வந்த ‘அன்நோன் பிளஷர்ஸ்’ ஆல்பம் இருண்டு போய், பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. மாறியது குழுவா, அல்லது எல்லாமே தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட்டின் கைவேலையா?

பதில் 1:
‘ஷேடோபிளே’ பாட்டு இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது, அடுத்தடுத்துக் கேளுங்கள். நான் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிப்பவன், என் காது அங்கேதான் போகும். இரண்டிலுமே பேஸ்தான் பாட்டைத் தொடங்குகிறது, கிட்டார் காத்திருந்து நுழைகிறது. பெர்னார்ட் சம்னரின் கிட்டார் சத்தத்தில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக்கின் ஆம்ப் (ஒலிபெருக்கி) எடுபடவில்லை. தான் வாசிப்பது தனக்கே கேட்க வேண்டும் என்று அவர் மேல் சுரங்களுக்குப் போனார். பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போனது. மெட்டை பேஸ் எடுத்துக்கொண்ட பிறகு கிட்டார் ஓயாமல் கார்டு (பல சுரங்களை ஒன்றாக) அடித்து நிரப்ப வேண்டியதில்லை. ஹானட் வரும் முன்பே அந்த இடம் காலியாகத் தொடங்கிவிட்டது. இதை ஏன் பலர் கவனிப்பதில்லை என்று எனக்கு எப்போதும் வருத்தம்.

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஹானட்டைக் குறைத்துவிடாதீர்கள். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் டிரம்ஸை அவர் துண்டு துண்டாகப் பதிவு செய்தார். ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கசியக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அப்படிப் பிரித்து வைத்ததால்தான் ஸ்நேர் டிரம்முக்கு மட்டும் டிஜிட்டல் டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதித்து எதிரொலிக்க வைக்கும் கருவி) கொடுக்க முடிந்தது. ‘இன்சைட்’ பாட்டில் கர்ட்டிஸின் குரலைத் தொலைபேசி இணைப்பு வழியாக அனுப்பிப் பதிவு செய்தார். அந்தக் குளிர் வேறு எப்படி வரும்? மேடையில் இருந்த உக்கிரம் போய்விட்டதென்று சம்னருக்கும் ஹூக்குக்கும் அன்று மனக்குறைதான்.

பதில் 1:
சரி, ஸ்டீபன் மோரிஸின் டிரம்ஸ் அவ்வளவு சுத்தமாக விழுவது ஹானட்டால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1979 டிசம்பரில் பாரிஸின் லே பான் தூஷ் கிளப்பில் நடந்த கச்சேரிப் பதிவையும் கேளுங்கள். ‘இன்சைட்’, ‘ஷேடோபிளே’ இரண்டும் அதில் உண்டு. ஸ்டுடியோப் பூச்சு எதுவும் கிடையாது, கிட்டார் காதைக் கிழிக்கிறது. அப்படியும் பேஸ் பாட்டு முழுக்கத் தனியாகத் தெரிகிறது.

கேள்வி கேட்டவர்:
மூன்று ‘ஷேடோபிளே’யையும் வரிசையாகக் கேட்டேன். பாரிஸ் பதிவில் பேஸ் தொடங்கும்போதே புல்லரித்துவிட்டது. 1980-ல் வந்த ‘குளோசர்’ ஆல்பத்தை எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

பதில் 2:
‘தி எடர்னல்’. இரவில், ஹெட்போனில்.