வெள்ளைக்காரன் வராவிட்டாலும் உமுவோஃபியா உடைந்திருக்குமா?

ஆலமரத்தடி:
சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலை இருபது வருடம் கழித்து இரண்டாம் முறை படித்து முடித்தேன். கல்லூரி நாளில், நைஜீரியாவின் இக்போ இனத்தாரின் ஊரான உமுவோஃபியா நிம்மதியாக இருந்தது, அதை வெள்ளைக்காரன் வந்து கெடுத்த கதை என்றுதான் மனதில் பதிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

மொத்தம் 25 அத்தியாயம். முதல் 13 அத்தியாயத்தில் பாதிரியும் இல்லை, கமிஷனரும் இல்லை. ஊர் மட்டும்தான். அதற்குள்ளேயே என்னென்ன நடந்துவிடுகிறது பாருங்கள். ஒரு கொலைக்கு ஈடாகப் பக்கத்து ஊரிலிருந்து வாங்கி வந்த சிறுவன் இகெமெஃபுனா மூன்று வருடம் நாவலின் நாயகன் ஒகோன்க்வோ வீட்டில் வளர்கிறான், அவனை அப்பா என்று கூப்பிடுகிறான். குறிதெய்வம் உயிர் கேட்டதும் ஊரார் அவனைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். 'அந்தப் பையன் உன்னை அப்பா என்கிறான், இதில் நீ கை வைக்காதே' என்று பெரியவர் எஸெயுது முன்பே சொல்லியிருக்கிறார். கோழை என்று பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒகோன்க்வோவே வெட்டுகிறான். இரட்டைக் குழந்தை பிறந்தால் மண்பானையில் வைத்துக் காட்டில் போட்டுவிடுவார்கள். ஓசு என்று தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள் தலைமுடி வெட்டக் கூடாது, மற்றவர் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் கூடாது. பிள்ளை குட்டிக்கும் அதே கதிதான்.

கிறிஸ்தவர்கள் வந்ததும் யார் போனார்கள்? ஊரில் மதிப்பில்லாதவர்கள். நான்கு முறையும் இரட்டையே பெற்று அத்தனையையும் பறிகொடுத்த நெக்கா. ஓசுக்கள். ஒகோன்க்வோவின் சொந்த மகன் நுவோயே. சுவர் ஏற்கெனவே இற்றிருந்தது. வெள்ளைக்காரன் சாய்ந்து நின்றான், விழுந்துவிட்டது.

கொட்டாங்கச்சி:
சாய்ந்து நின்றானா? துப்பாக்கியோடு அல்லவா நின்றான்.

அபாமே ஊர் நினைவிருக்கிறதா? சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரனைக் கொல்கிறார்கள். 'இரும்புக் குதிரை' ஓடிப்போய் ஆள் கூட்டி வந்துவிடும் என்று அதை மரத்தில் கட்டியும் வைக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து, பெரிய சந்தை கூடும் நாளாகப் பார்த்து, படை வளைத்துச் சுடுகிறது. ஊரே இல்லாமல் போகிறது. இது அச்செபே கற்பனையாக எழுதியது மட்டுமில்லை. 1905 இல் அகியாரா பக்கம் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் சைக்கிளில் வழிதவறிப் போய்க் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க வந்த படை ஊர் ஊராக எரித்தது. அதற்கு முன்பே 1901-02 இல் அரோ இக்போக்களின் ஊரான அரோசுக்வு மீது படையெடுப்பு நடந்து முடிந்திருந்தது. இற்றுப்போன சுவரைத் தள்ள இவ்வளவு படை எதற்கு?

அப்புறம் அந்த ஆறு தலைவர்கள். 'உட்கார்ந்து பேசலாம் வாருங்கள்' என்று கமிஷனர் அழைக்கிறான். போனவர்கள் கையில் விலங்கு. காவலர்கள் தலையை மழித்து அடிக்கிறார்கள். அபராதம் 200 பை சோழி (அங்கே அதுதான் காசு). ஊருக்குச் சேதி கொண்டுபோன கோர்ட்டு சேவகர்கள் 250 என்று சொல்லி மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதில் எந்த இடத்தில் இக்போ பண்பாடு தானாக இடிந்தது, ஐயா? 'அவர்களே அழுகிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் சும்மா வந்தோம்' என்பது அந்தக் கமிஷனர் சொல்லவேண்டிய வசனம்.

ஆலமரத்தடி:
துப்பாக்கியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நுவோயேயைத் துப்பாக்கி காட்டியா கூட்டிப் போனார்கள்? இருட்டில் அஞ்சி உட்கார்ந்திருக்கும் சகோதரர்களைப் பற்றிய ஒரு பாட்டு. காட்டில் அழுத இரட்டைக் குழந்தைகளுக்கும் கொல்லப்பட்ட இகெமெஃபுனாவுக்கும் அதில் பதில் இருப்பதுபோல அவனுக்குப் பட்டது, அவ்வளவுதான். பிதா, சுதன், ஆவி மூன்றும் ஒன்று என்னும் திரித்துவம் அவனுக்குப் புரியவே இல்லை. உடலைச் சுட்டது படை, சரி. மகனை இழந்தது யாரால்?

நதிக்கரை:
நீங்கள் இரண்டு பேரும் அப்பன் மகன் கதையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். (எதிர்பார்த்ததுதான்.) ஊரில் பாதிப் பேர் பெண்கள்.

யாரும் சண்டை போடக் கூடாத அமைதி வாரத்தில் ஒகோன்க்வோ தன் மனைவி ஒஜியுகோவை அடிக்கிறான். ஊரே பதறுகிறது. எதற்கு? பூமித்தாய் அனிக்குக் கோபம் வந்து விளைச்சல் கெட்டுவிடும் என்று. அடிபட்டவளுக்காக ஒருவரும் பதறவில்லை. இன்னொரு பெண்ணை அவள் கணவன் தொடர்ந்து அடித்த வழக்கு, எக்வுக்வு என்னும் முகமூடி மூதாதையர் சபைவரை போகிறது. தீர்ப்பு அவளுக்குச் சாதகம்தான். ஆனால் முடிந்ததும் ஒரு பெரியவர், இவ்வளவு சின்ன விஷயம் எக்வுக்வு முன்னால் ஏன் வரவேண்டும் என்கிறார். ஆகவே பழைய ஊரைத் தங்கத்தில் இழைக்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் ஆலமரத்தடி சார், ஆங்கில ஆட்சி பெண்களை மீட்கவும் இல்லை. இக்போக்களிடம் 'இக்போ என்வே எஸே' என்றொரு சொல் உண்டு, இக்போவுக்கு அரசன் கிடையாது என்று பொருள். அரசனில்லாத ஊர்களில் ஆங்கிலேயன் காகிதம் கொடுத்து ஆள் நியமித்தான். வாரண்ட் சீஃப் என்று பெயர். ஏறத்தாழ அத்தனை பேரும் ஆண்கள். பெண்களின் சந்தைக் கூட்டம், ஒரே குடும்பத்தில் பிறந்து வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் சங்கம், தப்பு செய்தவன் வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் உட்கார்ந்து பாடிக் கேவலப்படுத்தும் உரிமை, இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்ணுக்கு அரசியலாகவே தெரியவில்லை.

1929 இல் ஒலோகோவில் ஒரு வாரண்ட் சீஃபின் ஆள், பாமாயில் எடுத்துக்கொண்டிருந்த நுவான்யெருவா என்ற பெண்ணிடம் போய் ஆட்டையும் ஆட்களையும் எண்ணிக் கணக்குக் கொடு என்றான். ஆண்களுக்குப் போட்ட வரி நமக்கும் வருகிறது என்று சேதி பரவியது. வாசலில் உட்காரும் அந்தப் பழைய வழக்கத்தையே ஆயுதமாக எடுத்து ஆயிரக்கணக்கில் இக்போ, இபிபியோ பெண்கள் கிளம்பினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாரண்ட் சீஃப் முறை அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. அச்செபேயின் நாவல் இருபதாம் நூற்றாண்டுத் திருப்பத்தில் 'எல்லாம் சிதைந்தது' என்று முடிகிறது. அடுத்த தலைமுறைப் பெண்களுக்குச் சிதைந்ததாகத் தெரியவில்லையே!

கண்ணாடிவிரியன்:
ரொம்ப சுலபமாக முடிக்கலாம். உள்ளேயும் கோளாறு, வெளியேயும் கோளாறு. இரண்டும் சரி. டீ குடிக்கப் போகலாமா?

கொட்டாங்கச்சி:
போகலாம், ஆனால் அது பதில் இல்லை. கோளாறு இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? கோளாறைத் தானே சரிசெய்துகொள்ளும் வழி அங்கே இருந்ததா என்பதுதான் கேள்வி.

நதிக்கரை சொன்ன அதே அமைதி வாரத்தைப் பாருங்கள். அதே எஸெயுது அங்கே இன்னொன்று சொல்கிறார். அவருடைய அப்பா காலத்துக்கும் முன்னால், அமைதியைக் கெடுத்தவனைச் சாகும்வரை தெருவில் இழுத்துப் போவார்களாம். அமைதியைக் காப்பாற்ற வந்த வழக்கமே அமைதியைக் கெடுக்கிறது என்று பிறகு விட்டுவிட்டார்களாம். எந்தப் பாதிரியும் வந்து சொல்லவில்லை. ஊரில் மரியாதைப் பட்டம் பெற்றவன் பனை ஏறக்கூடாது என்ற விதி எங்களுக்கு எப்படி வந்ததோ என்று ஒகோன்க்வோவின் நண்பன் ஒபியெரிகா அலுத்துக்கொள்கிறான், பக்கத்து ஊரில் அது இல்லை என்கிறான். தெரியாமல் செய்த தப்புக்கு ஒகோன்க்வோவுக்கு ஏன் ஏழு வருடம் நாடு கடத்தல், தன் இரட்டைக் குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவனும் அவன்தான். கேள்வி கேட்கிற ஆள் ஊருக்குள்ளேயே இருந்தான். கோர்ட்டும் ஜெயிலும் வந்த பிறகு அவன் கேள்விக்கு மதிப்பில்லை. காலனியாதிக்கம் இடித்தது சுவரை இல்லை, கொத்தனாரை.

ஆலமரத்தடி:
கொத்தனார் நல்ல பிடி. ஆனால் ஒபியெரிகா யோசித்தான், யோசித்துவிட்டு என்ன செய்தான்? அவன் குழந்தைகள் காட்டில்தானே கிடந்தன. அவன் யோசித்து முடிக்கும்வரை ஓசு காத்திருக்க வேண்டுமா? நெக்கா ஐந்தாவது பிரசவத்துக்கும் காத்திருக்க வேண்டுமா? பழைய ஊரில் அந்தஸ்தோடு இருந்தவனுக்குத்தான் 'மெதுவாகச் சரியாகும்' என்று சொல்ல வாய்க்கும். தேவாலயம் அவர்களை அன்றைக்கே உள்ளே விட்டது.

நதிக்கரை:
விட்டதா? அடுத்த நாவலைப் படித்தீர்களா?

1960 இல் வந்த 'நோ லாங்கர் அட் ஈஸ்'. நுவோயே இப்போது ஐசக் ஒகோன்க்வோ. ஓய்வுபெற்ற உபதேசியார், வீட்டில் விக்கிரக வாசனையே ஆகாது என்கிற பழுத்த கிறிஸ்தவர். மகன் ஒபி இங்கிலாந்து போய்ப் படித்து வந்து, லாகோஸில் அரசு வேலை பார்க்கிறான். கிளாரா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்கிறான். அவள் ஓசு. ஐசக் முடியாது என்கிறார். வேதாகமத்தை வைத்தே மகன் வாதாடுகிறான், அசையவில்லை. ஓசு நம் ஜனங்கள் மனதில் தொழுநோய் மாதிரி, உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைச் சுமப்பார்கள் என்கிறார். அம்மா இன்னும் கடுமை, நான் உயிரோடு இருக்கும்போது கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள்.

இகெமெஃபுனாவுக்காக அப்பனை விட்டு ஓடிப்போன அதே பையன், சார். கிழக்கு மாகாணச் சட்டமன்றம் 1956 இல் ஓசு முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. கதை நடப்பதும் ஏறத்தாழ அந்தக் காலம்தான்.

ஆலமரத்தடி:
இது உறைத்தது. இரண்டு நாவலும் படித்தவன்தான் நான், இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆனால் கொட்டாங்கச்சி மகிழ வேண்டாம். இது உங்கள் கட்சியையும் அடிக்கிறது. எல்லாம் சிதைந்தது என்கிறீர்களே, ஓசு மட்டும் சிதையவில்லையே. முகமூடிச் சபை போச்சு, ஊர்த் தீர்ப்பு போச்சு, விலக்கி வைப்பது மட்டும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

கண்ணாடிவிரியன்:
இவ்வளவு பேசுகிறீர்கள், இதையெல்லாம் அவர் ஏன் இங்கிலீஷில் எழுதினார்?

மட்டுறுத்துநர்:
அதற்குத் தனி இழை இருக்கிறது, 400 பதிவு ஓடிவிட்டது. இங்கே வேண்டாம்.

ஓலைச்சுவடி:
தாமதமாக வருகிறேன். ஒரே ஒரு விஷயம். 'முன்னால்', 'பின்னால்' என்று எல்லோரும் பேசும்போது கோட்டை எங்கே போடுகிறீர்கள்? 1900 என்று போட்டால் அதற்கு முன்னால் இருந்தது கன்னிநிலம் இல்லை. இருநூறு வருடத்துக்கு மேல் அட்லாண்டிக் அடிமை வணிகம் அந்த மண்ணிலிருந்து ஆள் அள்ளியிருக்கிறது. அரோ வணிகர்கள் தங்கள் தெய்வத்தின் பேராலேயே ஆள் பிடித்தார்கள்.

இக்போ மொழியின் முதல் நாவல் பீட்டா நுவானா எழுதிய 'ஒமெனுகோ', 1933. நாயகன் வணிகன். பாலம் உடைந்து சரக்கெல்லாம் ஆற்றோடு போகிறது. நட்டத்தைச் சரிக்கட்ட, தொழில் கற்க நம்பி அனுப்பப்பட்ட பையன்களை அடிமையாக விற்றுவிடுகிறான். ஊரைவிட்டு ஓடி, வேற்றூரில் வாரண்ட் சீஃபாக உயர்ந்து, கடைசியில் பரிகாரம் செய்து திரும்புகிறான்.

1964 இல் அச்செபே எழுதிய 'ஆரோ ஆஃப் காட்' நாவலிலும் உலு என்ற தெய்வம் ஆதியிலிருந்து இருந்ததில்லை. இரவில் வந்து ஆள் கடத்தும் அபாம் வீரர்களைத் தடுக்க ஆறு ஊர் சேர்ந்து உண்டாக்கிய தெய்வம். காப்பாற்றாத தெய்வத்தைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக்குத் தூக்கிப்போய்க் கொளுத்தினார்கள் என்ற பேச்சும் அதில் வரும். கொத்தனார்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அந்த உலுவின் பூசாரி எஸெயுலு. வாரண்ட் சீஃப் ஆக மாட்டேன் என்றதற்கு வெள்ளை அதிகாரி உள்ளே போடுகிறான். ஒவ்வொரு அமாவாசை கழிந்து பிறை தெரியும்போதும் ஒரு புனிதக் கிழங்கு தின்று மாதம் எண்ணுகிறவர் அவர். சிறையில் இரண்டு பிறை கழிந்துவிட்டது, கிழங்கு மிச்சம். திரும்பி வந்து, கணக்கு முடியாமல் புதுக்கிழங்குத் திருவிழா அறிவிக்க மாட்டேன் என்கிறார். 'மிச்சத்தைத் தின்றுவிடுங்கள், பாவம் எங்கள் தலையில்' என்று பெரியவர்கள் கெஞ்சுகிறார்கள். மறுக்கிறார். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கெடுகிறது. பசித்த ஜனங்கள் கிழங்கைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சிறையில் போட்டது வெள்ளைக்காரன். திருத்த வந்த கொத்தனாரைத் துரத்தியது பூசாரி.

கொட்டாங்கச்சி:
சிறையில் போடாமல் இருந்திருந்தால் கணக்கே பிசகியிருக்காதே.

ஆலமரத்தடி:
பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் பிசகிய கணக்கு ஒரே நாளில் நேராகியிருக்குமே.

கொட்டாங்கச்சி:
முதல் நாவலின் முடிவையே எடுத்துக்கொள்வோம். ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான். ஒபியெரிகா கமிஷனரைப் பார்த்துச் சொல்கிறான், இவன் உமுவோஃபியாவின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவன், இவனைத் தற்கொலைக்குத் துரத்தியது நீ. நாவலில் தீர்ப்பு சொல்கிற ஆள் ஒருவன்தான், அவன் சொல்லிவிட்டான்.

ஆலமரத்தடி:
அந்த வசனத்தை முழுக்கச் சொல்லுங்கள். 'இப்போது இவன் நாயைப்போலப் புதைக்கப்படுவான்' என்று முடிகிறது. ஏன் நாயைப்போல? தற்கொலை பூமித்தாய்க்கு ஆகாது, சொந்த ஊரார் உடலைத் தொடக் கூடாது. உயிர் நண்பன் மரத்தடியில் நின்றுகொண்டு, இறக்கிவிடுங்கள் என்று வெள்ளைக்காரனின் ஆட்களிடம் கேட்கிறான். அந்த விதியை யார் போட்டது?

கொட்டாங்கச்சி:
நாளைக்கு வருகிறேன். இதற்குப் பதில் இருக்கிறது, புத்தகத்தைத்தான் யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள்.