ஸ்டூவர்ட் ஹாம்ப்ளென் மனந்திரும்பியது உண்மைதானா, வானொலிக்கான விளம்பரமா?

இரவு நேயர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஜிம் ரீவ்ஸ் கேசட் ஓயாமல் ஓடும். அவர் பாடிய 'இட் இஸ் நோ சீக்ரெட்' அவரே எழுதிய பாடல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதை எழுதியவர் கலிபோர்னியாவில் வானொலி நிகழ்ச்சி நடத்திவந்த ஸ்டூவர்ட் ஹாம்ப்ளென் என்ற கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) பாடகர் என்பது அண்மையில்தான் தெரிந்தது. அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பக்கம் குடி, குதிரைப் பந்தயம், அடிதடி என்று இருக்கிறது. மறுபக்கம் ஞாயிறுதோறும் வானொலியில் ஒரு திருச்சபையையே நடத்தியவர் என்று இருக்கிறது. 1949இல் பில்லி கிரகாம் என்ற போதகரின் கூட்டத்தால் இரட்சிக்கப்பட்டார் என்கிறார்கள். எங்கள் சபை மாத இதழில் இவரைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த மாற்றத்தை நம்பி எழுதலாமா, அல்லது அது வானொலிக்காரர் ஒருவரின் சாமர்த்தியம்தானா?

பழைய ரேடியோ (பதில்)

நம்பி எழுதலாம் என்பதே என் கருத்து. ஆனால் கதையை 1949இல் தொடங்காதீர்கள். ஹாம்ப்ளென் 1908இல் டெக்சாஸில் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய தந்தை பின்னாளில், 1946இல், ஒரு தனி மெதடிஸ்ட் சபைப் பிரிவையே நிறுவினார் என்றால், எப்படிப்பட்ட வீட்டிலிருந்து இவர் வெளியேறினார் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர், 1926 வாக்கிலேயே டெக்சாஸ் வானொலியில் பாடத் தொடங்கி, 1929இல் நியூ ஜெர்சியின் கேம்டன் நகருக்குப் போய் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடல்களைப் பதிவுசெய்து, பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். 1930களிலும் 40களிலும் அமெரிக்க மேற்குக் கரை வானொலியில் அவருடைய கௌபாய் நிகழ்ச்சிகளுக்குப் பெரும் நேயர் கூட்டம் இருந்தது. திரைப்படங்களில் பெரும்பாலும் வில்லனின் அடியாளாக வந்துபோனார்.

பில்லி கிரகாம் 1949 செப்டம்பர் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில், வாஷிங்டன் சாலையும் ஹில் தெருவும் சந்திக்கும் இடத்தில், பெரிய கூடாரம் அடித்து மூன்று வாரக் கூட்டத்தைத் தொடங்கினார். அப்போது அவர் நாடறிந்த போதகர் அல்லர். ஹாம்ப்ளென் அவரைத் தம் நிகழ்ச்சிக்கு அழைத்துப் பேசவைத்தார். நேயர்களையும் கூடாரத்துக்குப் போகச் சொன்னார். ஆனால் தாமே போய் உட்கார்ந்தபோது, பிரசங்கம் முழுவதும் தம்மைக் குறிவைத்தே பேசப்படுகிறது என்று கோபித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். பிறகு ஒரு நாள் விடியற்காலை, நான்கு மணிக்கு மேல், கிரகாம் தங்கியிருந்த இடத்துக்கு மனைவி சூசியுடன் வந்து கதவைத் தட்டினார். பல ஆண்டுகளாக அவருக்காக ஜெபித்துவந்தவர் சூசிதான். அன்றைய ஜெபத்துக்குப் பிறகு நடந்ததை ஹாம்ப்ளென் தம் வானொலி நிகழ்ச்சியிலேயே நேயர்களிடம் சொல்லிவிட்டார். தினமும் தம் குரலைக் கேட்கிறவர்களிடம் 'இனிக் குடிக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டவருக்கு, மறுநாள் மதுக்கடையில் யார் கண்ணிலும் படாமல் இருக்க வழியில்லை அல்லவா?

கறார்க் கணக்கன் (பதில்)

மேலே எழுதிய ஐயாவோடு பெருமளவு உடன்படுகிறேன். ஆயினும் சந்தேகப்படுபவர்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்தில் முடியவேண்டிய அந்தக் கூட்டம் எட்டு வாரம் நீண்டதற்கு ஹாம்ப்ளெனின் அறிவிப்பும் ஒரு காரணம். தொடர்ந்து ஹெர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகள் கிரகாமைத் தூக்கிப் பிடித்தன. ஆக, இந்தச் செய்தியால் ஆதாயம் அடைந்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு வேடிக்கை: பெண்களைத் துரத்தித் திரிவதைப் பற்றிய ஒரு குறும்புப் பாட்டு, அதே 1949இல்தான் கன்ட்ரி பாடல் பட்டியலில் அவருக்கு நல்ல இடத்தைப் பெற்றுத்தந்தது. அந்தப் பாட்டையும் சாட்சியையும் ஒருவரே அடுத்தடுத்து வானொலியில் கொடுத்தால், கேட்பவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்?

ஆனால் ஹாம்ப்ளெனுக்கு இதனால் லாபமா நட்டமா என்று பார்த்தால் விளம்பர வாதம் நிற்கவில்லை. பியர் விளம்பரத்தை வாசிக்கமாட்டேன் என்று மறுத்ததால் அவருடைய நிகழ்ச்சி கைவிட்டுப் போயிற்று. விளம்பரதாரரின் பணத்தில் நடந்த அன்றைய வானொலியில், அவருடைய பொருளைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வது நிகழ்ச்சி நடத்துபவரின் வேலையில் பாதி. அதை மறுப்பவர் தம் நாற்காலியைத் தாமே இழுத்துவிடுகிறார் என்று பொருள். பந்தயக் குதிரைகளையும் விட்டார். 1952இல் மதுவிலக்குக் கட்சியின் வேட்பாளராக அமெரிக்க அதிபர் பதவிக்கே போட்டியிட்டு, ஆறு கோடிக்கும் மேல் வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில் சுமார் 73,000 வாக்குகள் வாங்கினார். இதில் எந்தச் சாமர்த்தியமும் எனக்குத் தெரியவில்லை. 'கௌபாய் சர்ச் ஆஃப் தி ஏர்' என்ற பக்தி நிகழ்ச்சியை அவர் வானொலியில் நடத்தியது இந்த மாற்றத்துக்குப் பிந்தைய கதை. 1970களிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நேயர்கள் அதைக் கேட்டார்கள்.

மலைச்சாரல் (பதில்)

கேட்டவர் பாடலிலிருந்து தொடங்கியதால் நானும் பாடலுக்கே வருகிறேன். 'இட் இஸ் நோ சீக்ரெட்' 1950இல் வந்தது. குடியை விட்டது எப்படி என்று நண்பரும் நடிகருமான ஜான் வெய்ன் கேட்க, தேவனால் என்ன செய்ய முடியும் என்பது ரகசியமா என்ன என்று இவர் சொல்ல, அதையே பாட்டாக எழுது என்று வெய்ன் சொன்னதாக ஹாம்ப்ளென் கூறிவந்தார். மேடைகளில் பலமுறை சொல்லிச் சொல்லிச் செதுக்கிய கதைபோல எனக்குத் தோன்றும். இருந்தாலும் பாடலைக் கேட்டால் அதில் பிரசங்கத் தொனி இல்லை. ஒரு நாள் முடிந்ததைச் சொல்லும் கடிகார மணியோசையில் தொடங்குகிறது. தவறி விழுந்த ஒருவன் இன்னொருவனிடம் தாழ்ந்த குரலில் பேசுவதுபோல நகர்கிறது. மஹலியா ஜாக்சனும் 1957இல் எல்விஸ் பிரெஸ்லியும் அதைப் பாடியிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கட்டுரைக்கு நான் பரிந்துரைப்பது 1954இல் வந்த 'திஸ் ஓல் ஹவுஸ்'. மலைப்பகுதிக்கு வேட்டைக்குப் போனபோது, மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் இடிந்துகிடந்த ஒரு குடிசையையும், அதன் அருகில் ஒரு நாயையும் ஹாம்ப்ளென் கண்டார். உள்ளே ஒரு கிழவரின் உடல் கிடந்தது. அந்தக் காட்சியிலிருந்து பிறந்த பாட்டில், கூரை ஒழுகுவதையும் கதவுக் கீல் துருப்பிடித்ததையும் இனிச் சரிசெய்ய நேரமில்லை என்று கிழவர் சொல்கிறார். வீடு என்று அவர் சொல்வது தம் உடலை. பாடகி ரோஸ்மேரி குளூனி அதைத் துள்ளலாகப் பாட, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. 1981இல் ஷேக்கின் ஸ்டீவன்ஸ் பாடி மீண்டும் பிரிட்டனில் முதலிடம். மரணத்தைப் பற்றிய பாட்டு என்று அறியாமலே பலர் அதற்கு ஆடியிருப்பார்கள்.

இரவு நேயர்

மூவருக்கும் நன்றி. பியர் விளம்பரத்தை மறுத்த இடத்திலிருந்தே கட்டுரையைத் தொடங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. 'திஸ் ஓல் ஹவுஸ்' பாடலை ஹாம்ப்ளெனின் குரலிலேயே கேட்க முடியுமா?

மலைச்சாரல்

முடியும். அவரே பாடிய பதிவும் அதே 1954இல் வெளிவந்து கன்ட்ரி பட்டியலில் இடம்பெற்றது. முதலில் குளூனியைக் கேளுங்கள். பின்னணியில் பாதாளத்திலிருந்து எழுவதுபோல ஒலிக்கும் கனத்த ஆண்குரல் தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட் உடையது. அதற்குப் பிறகு ஹாம்ப்ளெனைக் கேட்டால் கிழவரின் சொற்கள் தெளிவாகக் காதில் விழும்.