த்ரீ பேஸ் பிளாஸ்மா கட்டரை சிங்கிள் பேஸ் பட்டறையில் ஓட்டலாமா?

கோபி பட்டறை:
வணக்கம். கேட், கிரில் வேலை செய்யும் சின்னப் பட்டறை. வாடகைக் கட்டடம், 4 கிலோவாட் சிங்கிள் பேஸ் இணைப்பு. கோவையில் ஒரு பட்டறையை மூடியபோது, இரும்புத் தகட்டை மின்பொறியாலும் காற்றாலும் வெட்டும் 60 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் நல்ல விலைக்குக் கிடைத்தது, எடுத்து வந்துவிட்டேன். உள்ளே எலக்ட்ரானிக் போர்டு உள்ள இன்வெர்ட்டர் வகை. பின்பக்கத் தகட்டில் 3 பேஸ், 380 வோல்ட் என்று இருக்கிறது. த்ரீ பேஸுக்கு மாறக் கட்டட உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் ரெண்டு பேஸ் மட்டும் வரும்போது அப்பா கண்டென்சர் (கெபாசிட்டர்) போட்டு மோட்டாரை ஓட்டுவார். அதே மாதிரி இதையும் ஓட்ட முடியாதா?

காயில் கட்டுபவர்:
முடியும் தம்பி. என் பட்டறையில் 3 எச்.பி. லேத் எட்டு வருடமாக சிங்கிள் பேஸில்தான் ஓடுகிறது. ஒரு பெரிய த்ரீ பேஸ் மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு, அதிலிருந்து மூன்றாவது பேஸை எடுத்துக்கொள்கிறேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

போர்டு சர்வீஸ்:
லேத்தில் இருப்பது மோட்டார், அண்ணா. இரண்டு பேஸ் கிடைத்துச் சுற்ற ஆரம்பித்தால் மூன்றாவதை ஓரளவு அதுவே உண்டாக்கிக்கொள்ளும். கட்டருக்குள் முதலில் இருப்பது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர், அங்கே சுற்றுவதற்கு எதுவும் இல்லை. கண்டென்சர் வித்தை அதனிடம் பலிக்காது.

இன்னொன்று, தோட்டத்து ரெண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கிறது. பட்டறையில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 தான். 415ஐ ரெக்டிஃபை செய்தால் உள்ளே சுமார் 585 வோல்ட் டிசி நிற்கும், 230இல் 325 தான் வரும். மெஷின் வோல்டேஜ் போதாது என்று லைட்டைப் போட்டுவிட்டு நின்றுவிடும்.

காயில் கட்டுபவர்:
230ஐ 415 ஆக்க டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போயிற்று. அதை நானே சுற்றித் தருவேன்.

போர்டு சர்வீஸ்:
வோல்டேஜ் வந்துவிடும், சரி. ஆனால் த்ரீ பேஸில் டிசிக்கு நொடிக்கு 300 துடிப்பு கிடைக்கிறது, சிங்கிள் பேஸில் 100 தான். நடுவில் விழும் பள்ளத்தை எல்லாம் கெபாசிட்டர்தான் நிரப்ப வேண்டும். மூன்று வழியாகப் போன கரண்டும் இரண்டு வழியாகவே போகும். மேல்மூடி உப்பிய கெபாசிட்டரோடு இப்படி இரண்டு மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பேஸ் விடுபட்டால் நின்றுவிடும் பாதுகாப்பு உள்ள மெஷின் என்றால் கிளம்பவே கிளம்பாது.

காயில் கட்டுபவர்:
அதற்குத்தான் மோட்டாரைச் சுற்றவிடச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் 10 எச்.பி. மோட்டார், சமன் செய்யக் கெபாசிட்டர். மூன்று பேஸும் வந்துவிடும். அந்த மோட்டார் உண்டாக்கும் பேஸில் மட்டும் மெஷினின் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரையும் ஃபேனையும் சேர்க்காதே. லோடு ஏற ஏற அதில் வோல்டேஜ் ஆடும்.

போர்டு சர்வீஸ்:
அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஒழுங்காகக் கட்டினால் மெஷின் கிளம்பும். ஆனால் கிலோவாட் எங்கிருந்து வரும்? 60 ஆம்பியரில் ஆர்க் (வெட்டும் மின்பொறி) வோல்டேஜ் 104 என்று வைத்தால் டார்ச்சில் மட்டும் 6.2 கிலோவாட். மெஷினுக்குள் இழப்பு, மோட்டார் சும்மா சுற்றுவதற்கு, டிரான்ஸ்ஃபார்மர் சூடு எல்லாம் சேர்ந்தால் 8ஐத் தாண்டும். 230 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியருக்கு மேல். த்ரீ பேஸில் அதே வேலைக்கு ஒரு கம்பியில் 12 ஆம்பியர் போதும். சும்மா சுற்றும் மோட்டார் பேஸைத்தான் தரும், மின்சாரத்தைத் தராது. அது அதே இரண்டு கம்பி வழியாகத்தான் வர வேண்டும். வெட்டக் காற்று தரும் கம்ப்ரசரை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆறு மில்லி:
நான் சிங்கிள் பேஸ் 40 ஆம்பியர் கட்டர் வைத்திருக்கிறேன். அதையும் முழுசாக வைத்தால் 4 கிலோவாட் இணைப்பு தாங்காது. 30இல் வைத்து 6 மி.மீ. தகடு வரை சுத்தமாக வெட்டுகிறேன். டேங்க்கில் காற்றை நிரப்பி, கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வெட்ட வேண்டும். ஒருநாள் மாலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசர் கிளம்பியது. பல்பு மங்கியது, ஆர்க் அணைந்தது. வெட்டின ஓரத்தில் கசடு கொம்பு மாதிரி ஒட்டிக்கொண்டது, கிரைண்டர் போட்டுத் தேய்க்க அரை மணி நேரம் போனது. 60 ஆம்பியரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், விற்றுவிடுங்கள்.

காயில் கட்டுபவர்:
ஏன் விற்க வேண்டும்? அதையும் 30இல் வைத்து ஓட்டட்டும். நாளைக்கு த்ரீ பேஸ் வந்தால் முழு மெஷினும் கையில் இருக்குமே.

கோபி பட்டறை:
இங்கே எலக்ட்ரீஷியன் ஒருவர், பக்கத்துக் கடைகளில் ஆளுக்கொரு பேஸ் இருக்கும், அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

போர்டு சர்வீஸ்:
தயவுசெய்து வேண்டாம். அது சட்டப்படி குற்றம். உங்கள் மெயினை அணைத்த பிறகும் பக்கத்துக் கடைப் பேஸ் மெஷினுக்குள் உயிரோடு இருக்கும், அதைத் தெரியாமல் ஒருவர் மூடியைத் திறப்பார்.

காயில் கட்டுபவர்:
இதில் அவர் சொல்வதுதான் சரி தம்பி. மீட்டருக்கு வரும் வயர் என்ன அளவு என்று பார்த்துச் சொல்.

கோபி பட்டறை:
பார்த்தேன் அண்ணா. 4 சதுர மி.மீ. அலுமினியம். மீட்டர் பக்கத்து முனையில் இன்சுலேஷன் பழுப்பாகி, தொட்டாலே உதிர்கிறது.

காயில் கட்டுபவர்:
அப்படியானால் நான் சொன்ன எதையும் இப்போது செய்யாதே. 30 ஆம்பியரும் வேண்டாம். அந்த முனையை போட்டோ எடுத்து உரிமையாளரிடம் காட்டு. வயரை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றும்போதே த்ரீ பேஸாக இழுத்துவிடலாம் என்று கேள். அவர் தயங்கினால் என்னைக் கூப்பிடு, நானே வந்து பேசுகிறேன்.